"வேலை முடிந்தது" என்று மெசேஜ் வந்துவிட்டது. பையனின் இருமல் மட்டும் நிற்கவில்லை

1/ இது கொஞ்சம் நீளமான த்ரெட். இன்றைக்கு மருந்து பற்றி எழுதப் போவதில்லை, வீடு பற்றி. இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். அப்படி யாரையாவது தெரிந்தவர்கள் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். "டாக்டருக்கு எதுக்கு வீட்டுப் பிரச்சினை?" என்று கேட்பவர்களுக்கும் உள்ளே பதில் இருக்கிறது.

2/ தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி. கவுன்சில் என்பது இங்கே உள்ளாட்சி அமைப்பு. நம்ம ஊர் மாநகராட்சி மாதிரி. அது தன் சொந்த வீடுகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறது. பழுது பார்ப்பது, கேஸ், மின்சாரம், தீ பாதுகாப்பு எல்லாம் வீட்டுக்காரரான கவுன்சிலின் பொறுப்பு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

3/ நான் இங்கே ஜி.பி.யாக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா தன் ஐந்து வயதுப் பையனைக் கூட்டி வந்தார். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரவு இருமல், மூச்சிரைப்பு. நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் விசில் சத்தம். நீல இன்ஹேலர் கொடுத்தேன். ஆறு வாரத்தில் திரும்ப வந்தார்கள். பிரவுன் இன்ஹேலர் சேர்த்தேன். குளிர்காலத்தில் மறுபடியும் வந்தார்கள்.

4/ மூன்றாவது முறைதான் எனக்குப் புத்தி வந்தது. "அக்கா, வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவர் போனை எடுத்துப் படம் காட்டினார். பையன் படுக்கும் கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. தரையில் இருந்து ஒரு ஆள் உயரத்துக்கு.

5/ "கவுன்சிலுக்குச் சொன்னீங்களா?" என்றேன். "மூண்டு தரம் சொன்னனான், டொக்டர். வந்தவை மருந்தடிச்சுப் பெயின்ட் பூசிப்போட்டுப் போயிட்டினம். வேலை முடிஞ்சுது எண்டு போனுக்கு மெசேஜும் வந்திட்டுது. ரெண்டு மாசத்தில சுவர் திரும்பக் கறுத்திட்டுது."

6/ அந்த நிமிடம் எனக்கு ஒன்று உறைத்தது. அவர்களும் நானும் ஒரே தப்பைச் செய்திருக்கிறோம். அவர்கள் பெயின்ட் அடித்தார்கள், நான் இன்ஹேலர் எழுதினேன். இரண்டு கம்ப்யூட்டரிலும் "முடிந்தது" என்று பதிவாகிவிட்டது. பையன் மட்டும் இருமிக்கொண்டே இருந்தான்.

7/ கொஞ்சம் மருத்துவம். எல்லா இருமலுக்கும் பூஞ்சை காரணம் என்று நான் சொல்லவில்லை. அலர்ஜி, வைரஸ், வீட்டுக்குள் புகைபிடிப்பது என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஓதம் ஏறிய வீட்டில் பூஞ்சை தன் வித்துகளைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றைத்தான் ராத்திரி முழுக்கச் சுவாசிக்கிறோம். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது தூண்டுதல். கைக்குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

8/ இது எவ்வளவு தூரம் போகும்? அவாப் இஷாக் என்ற பெயரை நினைவில் வையுங்கள். ராச்டேல் ஊரில், சூடானில் இருந்து வந்த பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தை. 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டில் இருந்த பூஞ்சையை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த கடுமையான சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார்.

9/ அவன் அப்பா 2017-லேயே பூஞ்சை பற்றிச் சொல்லியிருக்கிறார். "மேலே பெயின்ட் அடியுங்கள்" என்பதுதான் கிடைத்த பதில். சுகாதாரப் பணியாளர் ஒருவரும் கவலை தெரிவித்திருந்தார். அது ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் வீடு. 2012 வரை அவை கவுன்சில் வீடுகளாக இருந்தவைதான். குடும்பம் வக்கீல் மூலமாகக் கேட்ட பிறகு, "வழக்கு இருப்பதால் இப்போதைக்கு வேலை செய்ய முடியாது" என்கிற நடைமுறை குறுக்கே வந்தது. ஃபைல் நகர்ந்தது, சுவர் அப்படியே இருந்தது.

10/ "யாரும் மேற்பார்வை செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2011-ல் வந்த லோக்கலிசம் சட்டத்துக்குப் பிறகு, வாடகைதாரர் சேவை விஷயத்தில் ரெகுலேட்டர் தானாகப் போய்ச் சோதிப்பது நின்றுபோனது. "கடுமையான பாதிப்பு" இருக்கிறது என்று தெரிந்தால்தான் தலையிட முடியும். நான் என் நோயாளிகளிடம் "ஐ.சி.யு.வுக்குப் போற நிலைமை வந்தா மட்டும் என்னை வந்து பாருங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

11/ அப்புறம் 2017 ஜூன் 14. லண்டனில் கிரென்ஃபெல் டவர் தீ. 72 பேர் போனார்கள். கவுன்சிலுக்குச் சொந்தமான கட்டிடம் அது. தீ பாதுகாப்பு பற்றி அங்கே குடியிருந்தவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். காதில் விழுந்திருக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கிரென்ஃபெல், அதன் பிறகு அவாப். இந்த இரண்டுக்கும் பிறகுதான் 2023-ல் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது.

12/ அந்தச் சட்டத்தால் இங்கிலாந்தில் இப்போது என்ன மாறியிருக்கிறது? (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.) 2024 ஏப்ரலில் இருந்து ரெகுலேட்டர் நேரில் வந்து சோதிக்கிறது. 1,000 வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு கவுன்சிலுக்கும், சங்கத்துக்கும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை. முடிவில் C1 முதல் C4 வரை ஒரு மதிப்பீடு. C1 நல்லது. C3 என்றால் கடுமையான குறைகள் இருக்கின்றன. C4 என்றால் மிகக் கடுமையான குறைகள், அடிப்படையே மாற வேண்டும்.

13/ நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஈஸ்ட் ஹாம், நியூஹாம் கவுன்சிலின் கீழ் வருகிறது. 2024 அக்டோபரில் அந்த கவுன்சிலுக்குக் கிடைத்தது C4. மின்சாரப் பரிசோதனை, தீ பாதுகாப்பு வேலைகள் எல்லாம் நிலுவையில் கிடந்தது வெளியே வந்தது. அது ஒன்று மட்டும் இல்லை. C3 வாங்கிய கவுன்சில்கள் நிறைய. சில கவுன்சில்களுக்குத் தங்கள் வீடுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்றே முழுசாகத் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை செய்யாமலே "சர்க்கரை நார்மல்" என்று எழுதிக் கொடுப்பது போல.

14/ அடுத்தது, வாடகைதாரர் திருப்தி அளவீடுகள். மொத்தம் 22. அதில் 12 உங்களிடம் நேரடியாகக் கேட்டு எடுப்பவை. மீதி 10 கவுன்சில் தன் கணக்கில் இருந்து தருபவை: கேஸ், தீ, ஆஸ்பெஸ்டாஸ், தண்ணீர், லிஃப்ட் பாதுகாப்புச் சோதனைகள், எத்தனை பழுது நேரத்துக்கு முடிந்தது, எத்தனை புகார் வந்தது என்று. ஒவ்வொரு வருடமும் இதை வெளியிட்டே ஆக வேண்டும். உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கும். இன்று ராத்திரி ஒரு பத்து நிமிடம் தேடிப் பாருங்கள்.

15/ இவ்வளவும் நல்ல மாற்றம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு டாக்டராக எனக்கு ஒரு ஓட்டை தெரிகிறது. இந்த த்ரெட்டே அதைச் சொல்லத்தான்.

16/ "எத்தனை பழுது குறித்த நேரத்துக்குள் முடிந்தது?" என்ற அளவீட்டை எடுத்துக்கொள்வோம். அவசரமில்லாத பழுதுகளுக்கு அந்த "குறித்த நேரம்" எவ்வளவு என்று முடிவு செய்வது அந்தந்த வீட்டுக்காரர்தான். தானே கேள்வித்தாள் தயாரித்து, தானே பரீட்சை எழுதி, தானே மார்க் போடுவது. அதை விடுங்கள். அந்த அக்கா வீட்டு வேலையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மூன்று முறை ஆள் வந்தார். மூன்றும் குறித்த நேரத்துக்குள். மூன்றிலும் "முடிந்தது".

17/ அதாவது, அந்தச் சுவர் கவுன்சிலின் கணக்கில் மூன்று வெற்றி! ஒரே முறையில் சரியாகச் செய்திருந்தால் ஒரு வெற்றிதான் கிடைத்திருக்கும். அரைகுறையாகச் செய்தால் மார்க் கூடுகிற பரீட்சையை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

18/ ஆஸ்பத்திரிகளில் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். டிஸ்சார்ஜ் ஆன நோயாளி 30 நாளுக்குள் அவசரமாகத் திரும்ப அட்மிட் ஆனால் அதை எண்ணுவோம். "எத்தனை பேரை அனுப்பினோம்" என்பதோடு நிறுத்தினால், சீக்கிரம் சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்பி நல்ல பெயர் வாங்கலாம். "எத்தனை பேர் திரும்ப வந்தார்கள்" என்று சேர்த்து எண்ணினால்தான் உண்மை தெரியும்.

19/ வீட்டுக்கும் இதையே கேட்கிறேன். ஒரு சுவரில் பூஞ்சை வேலை "முடிந்தது" என்று போட்ட பிறகு, அடுத்த ஆறு மாதத்தில், முக்கியமாக ஒரு குளிர்காலத்தைத் தாண்டி, அதே வீட்டில் அதே புகார் எத்தனை முறை திரும்ப வந்தது? இந்த ஒரு எண்ணை ஒவ்வொரு கவுன்சிலும் தன் கமிட்டியின் முன்னால் வைக்கட்டும். புதுசாக எதையும் வாங்க வேண்டாம். புகார் தேதியும் விலாசமும் ஏற்கெனவே அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. திரும்பிப் பார்க்கும் மனசுதான் வேண்டும்.

20/ "பணம் இல்லையே டாக்டர்" என்று கவுன்சில் பக்கம் இருந்து சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2016-ல் இருந்து நான்கு வருடம் வாடகையை வருடத்துக்கு 1 சதவீதம் குறைக்கும்படி அரசு உத்தரவு போட்டது. 1980-ல் வந்த வாங்கும் உரிமைச் சட்டத்தில் ஏராளமான வீடுகள் தள்ளுபடியில் விற்கப்பட்டன. கையில் இருப்பதில் நிறைய பழைய கட்டிடங்கள். கவுன்சிலில் நேர்மையாக உழைக்கும் ஊழியர்களை எனக்குத் தெரியும். அவர்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை.

21/ ஆனால் கணக்கைப் பாருங்கள். மூன்று முறை ஆள் அனுப்பிப் பெயின்ட் அடிக்கும் செலவு யார் பணம்? உங்கள் பணம். கவுன்சில் வாடகை தனிக் கணக்கில்தான் வைக்கப்பட வேண்டும், வேறு செலவுக்கு இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. பணம் குறைவு என்றால் ஒரே முறையில் சரியாகச் செய்ய வேண்டிய அவசியம் இன்னும் கூடுகிறது. இன்னொன்றும் சொல்கிறேன்: "கவர்மென்ட் குடுத்த வீடு, நாம எப்படிக் கேட்கிறது?" என்ற தயக்கம் நம்மவர்களிடம் நிறைய. வாடகை கட்டுகிறீர்கள். இது தானம் இல்லை.

22/ அடுத்தது பழி. "நீங்க சோறு வடிக்கிறீங்க, துணியை உள்ளே காயப்போடுறீங்க, ஜன்னல் திறக்கிறதில்லை, அதான் பூஞ்சை." எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இதைக் கேட்டிருக்கும்! சமைக்கும்போது ஜன்னல் திறப்பது நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் சமைப்பதும் துணி காயப்போடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பது. அதைத் தாங்க முடியாத வீடு என்றால் கோளாறு வீட்டில். ஹவுசிங் ஆம்புட்ஸ்மன் 2021-லேயே இது பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டார். அதன் தலைப்பின் சாரமே, "இது வாழ்க்கை முறைப் பிரச்சினை இல்லை" என்பதுதான்.

23/ இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதலாவது, அவாப் சட்டத்தின் நாள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் வந்து பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும். உடல்நலத்தைக் கணிசமாகப் பாதிக்கக்கூடிய ஓதம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் ஆய்வு. ஆய்வு முடிந்து 3 வேலை நாளுக்குள் என்ன கண்டார்கள் என்று எழுத்தில் தர வேண்டும். 5 வேலை நாளுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் தங்குவதற்கு வேறு இடம் தர முன்வர வேண்டும்.

24/ இரண்டாவது, எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். போனில் சொன்னால் அன்றைக்கே ஒரு ஈமெயிலும் போடுங்கள். சுவரைப் படம் எடுங்கள், தேதியோடு. பெயின்ட் அடித்த அன்றைக்கு ஒரு படம், அதே இடத்தில் நின்று மாதம் ஒரு படம். நாங்கள் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவது மாதிரி. வீட்டில் ஆஸ்துமா இருந்தால், கைக்குழந்தை இருந்தால், அதையும் எழுதுங்கள். அவசரம் எவ்வளவு என்று முடிவு செய்ய அது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

25/ மூன்றாவது, இது மிக முக்கியம். "பழுது சொல்வது" வேறு, "புகார் கொடுப்பது" வேறு. நம்மவர்கள் பத்துத் தடவை பழுது சொல்வார்கள், ஒரு தடவைகூடப் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள். "இது என் முறையான புகார், முதல் நிலை" என்று தெளிவாக எழுதுங்கள். 5 வேலை நாளில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், அதிலிருந்து 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். பதில் சரியில்லை என்றால் இரண்டாம் நிலை, அதற்கு 20 வேலை நாள். சிக்கலான விஷயம் என்றால் நாள் நீட்டலாம், ஆனால் காரணத்தை உங்களிடம் சொல்ல வேண்டும்.

26/ அதற்கும் சரிவரவில்லை என்றால் ஹவுசிங் ஆம்புட்ஸ்மன். இலவசம். வக்கீல் தேவையில்லை. முன்பு எம்.பி. போன்ற ஒருவர் மூலமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2022 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். நேராகப் போகலாம்.

27/ "புகார் குடுத்தா வீட்டை விட்டு எழுப்பிடுவாங்களோ?" எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. நிரந்தர கவுன்சில் வாடகைதாரரைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் எழுப்ப முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் "புகார் கொடுத்தார்" என்பது இல்லை. தற்காலிகத் தங்குமிடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விதிகள் வேறு. அவர்கள் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஷெல்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

28/ நான்காவது, ஆள் வரும் நாளில் வீட்டில் இருங்கள். கேஸ் செக் பண்ண வருபவரை உள்ளே விடுங்கள். கதவு திறக்கவில்லை என்றால் "உள்ளே போக முடியவில்லை" என்று எழுதி வேலையை மூடிவிடுவார்கள். முடியாத நாள் என்றால் முன்பே சொல்லி வேறு நாள் கேளுங்கள். நம் பக்கம் சுத்தமாக இருந்தால்தான் கேள்வி கேட்கும்போது குரல் நடுங்காது.

29/ ஐந்தாவது, சர்வே வந்தால் பதில் சொல்லுங்கள். "எல்லாம் ஓகே" என்று மரியாதைக்குச் சொல்லாதீர்கள்! உங்கள் மரியாதை அங்கே ஒரு சதவீதமாக மாறி, கவுன்சிலுக்கு நற்சான்றிதழாகப் போய்ச் சேரும். வயிற்றுவலியோடு வந்து "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொன்னால் நான் என்ன மருந்து கொடுப்பது?

30/ ஆறாவது, கவுன்சில் கமிட்டிக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வீட்டுச் சேவை எப்படி நடக்கிறது என்ற அறிக்கைகள் அங்கேதான் வைக்கப்படும். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே இணையத்தில் போடுவார்கள். வாடகைதாரர் குழுக்களிலும் சேரலாம். ஆங்கிலம் சரளமாக வராது என்றால் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: "முடிந்தது என்று போட்ட பூஞ்சை வேலைகளில் எத்தனை திரும்ப வந்தது?"

31/ என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாவது முறை இருமலோடு வரும் குழந்தையிடம் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். கடிதம் எழுதினால் "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று பொதுவாக எழுதி முடிக்காமல், என்ன நோய், எத்தனை முறை வந்தார்கள், வீடு ஏன் முக்கியம் என்று எழுதுங்கள். நான் மூன்றாவது முறைதான் கேட்டேன். அந்த இரண்டு தடவையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்தும்.

32/ அந்த அக்கா என்ன ஆனார்? நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து முறையான புகார் எழுதினோம். இரண்டாம் நிலை வரை போனது. அதன் பிறகு வந்த சர்வேயர் வெளியே போய் நிமிர்ந்து பார்த்தார். கூரையில் இருந்து மழைநீர் இறங்கும் குழாய் உடைந்து, அந்தச் சுவருக்குள்ளேயே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று முறை பெயின்ட் அடிக்க வந்தவர்களில் யாரும் வெளியே போய் மேலே பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி அவர்கள் வேலைச் சீட்டில் எழுதியிருக்கவும் இல்லை.

33/ குழாய் மாற்றினார்கள், சுவரைக் காயவிட்டுப் பூசினார்கள். பையனுக்கு ஆஸ்துமா போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இன்ஹேலர் இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் இரவு இருமலுக்காக என்னிடம் வரவில்லை. அக்கா ஒரு நாள் ரிசப்ஷனில் பார்த்து, "சுவர் இன்னும் வெள்ளையாத்தான் கிடக்குது, டொக்டர்" என்றார். எந்த ரிப்போர்ட்டிலும் வராத வரி அது. எனக்கு வேண்டிய ரிப்போர்ட் அதுதான்.

34/ த்ரெட் முடிந்தது. உங்கள் வீட்டுச் சுவர் "முடிந்தது" என்ற மெசேஜுக்குப் பிறகும் கறுத்ததா? கமெண்ட்டில் எத்தனை முறை என்று மட்டும் எழுதுங்கள். விலாசமோ பிள்ளைகள் பெயரோ போட வேண்டாம். பூஞ்சை உள்ள அறையில் குழந்தை படுத்தால், முடிந்தால் இன்றைக்கே கட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். மூச்சு விடவே சிரமப்பட்டால், உதடு நீலமாக மாறினால் யோசிக்காமல் 999. மற்றவர்களுக்கும் பகிருங்கள்.